கணினி வலையமைப்பில் கவாத்து: குழு அனுப்பல் மரங்கள் அமைவதும் குறைவதும்

ஒரு செய்தியை ஒருவர்க்குச் சொல்வது ஒன்று; ஊரார் அனைவர்க்கும் சொல்வது மற்றொன்று; கேட்க விரும்பும் சிலர்க்கு மட்டும் சொல்வது இவ்விரண்டினும் வேறானது. முதலாவதற்கு அஞ்சலட்டை போதும். இரண்டாவதற்குத் தண்டோரா போதும். மூன்றாவதற்கோ, கேட்க விரும்புவோர் எங்கெங்கே உள்ளனர் என்பதை அறிந்து, அவர்கள் வாழும் தெருக்களில் மட்டும் செய்தி செல்லுமாறு செய்தல் வேண்டும். கணினி வலையமைப்புகளில் இம்மூன்றையும் முறையே தனி அனுப்பல், பொது அனுப்பல், குழு அனுப்பல் எனலாம். மல்டிகாஸ்ட் என்று பொறியாளர் கூறுவது குழு அனுப்பலையே.

குழு அனுப்பலில் செய்தி செல்லும் பாதை ஒரு மரத்தின் உருவைப் பெறுகிறது. அனுப்புவோன் இருக்குமிடம் வேர்; வழியிலுள்ள திசைவிகள் கிளை பிரியும் கணுக்கள்; கேட்போர் இலைகள். இம்மரத்தை வளர்ப்பது கடினமன்று. வேண்டாத கிளையை, வேண்டுவோர்க்கு ஊறு நேராவண்ணம் நீக்குவதே கடினம். மல்லிகைக்கும் தேயிலைக்கும் கவாத்துச் செய்வோர் இதனை எளிதில் உணர்வர். அக்கவாத்து வலையமைப்பில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் எடுத்துக்காட்டு வலையமைப்பு

ரூட்டர் எனப்படும் திசைவி, வந்து சேரும் பொட்டலங்களை உரிய வழியில் திருப்பிவிடும் கருவியாகும். க, ச, ட, த, ப, ம என ஆறு திசைவிகளைக் கொள்வோம். இவற்றிடையே க–ச, க–ட, ச–ட, ச–த, ட–ப, த–ப, ப–ம என ஏழு இணைப்புகள் உள்ளன. எல்லா இணைப்புகளும் ஒரே தொலைவுடையன என வைத்துக்கொள்வோம். ஆசிரியர்கள் இப்படத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டு மேலே படித்தல் நலம்.

பாடம் ஒன்றை ஒளிபரப்பும் கணினி, க என்னும் திசைவியின் கீழ் இருக்கிறது. ட என்பதன் கீழ் 10 பேரும், ம என்பதன் கீழ் 40 பேரும் அப்பாடத்தைக் கேட்க விரும்புகின்றனர். மற்றத் திசைவிகளின் கீழ் எவரும் இலர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பொட்டலம் அனுப்பினால், க–ட இணைப்பில் 50 படிகளும், ட–ப இணைப்பில் 40 படிகளும், ப–ம இணைப்பில் 40 படிகளும் செல்லும். ஆக, ஒரே பொட்டலத்துக்காக இணைப்புகளின் மேல் 130 பயணங்கள் நேர்கின்றன. கிளை பிரியும் இடத்தில் மட்டும் திசைவியே படியெடுத்து அனுப்புமாயின், மூன்று இணைப்புகளிலும் ஒவ்வொரு பயணமே போதும். 130க்கும் 3க்கும் உள்ள வேறுபாடே குழு அனுப்பலின் பயனாகும்.

முகவரியும் உறுப்பினரும்

குழு அனுப்பலின் முகவரி ஒரு கணினியைக் குறிப்பதன்று. ஒரு குழுவைக் குறிப்பது. இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளன. அனுப்புவோன் இக்குழு முகவரிக்குப் பொட்டலத்தை அனுப்புகிறான். கேட்போர் யார், எத்தனை பேர் என்பதை அவன் அறியான். அறிய வேண்டுவதும் இல்லை. ஸ்டீஃபன் டீரிங் என்னும் அறிஞர் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தபோது வகுத்த அமைப்பு இது. இதன் விதிகள் 1989இல் வெளியிடப்பெற்றன.

கேட்போர் உள்ளனரா என்பதை அறியும் பொறுப்பு, அவர்களுக்கு அருகிலுள்ள திசைவியைச் சார்ந்தது. அது தன் கீழுள்ள கணினிகளை நோக்கி, "எக்குழுவைக் கேட்கிறீர்கள்?" என்று குறித்த இடைவெளியில் வினவுகிறது. வழக்கமான இடைவெளி 125 விநாடிகள். விடையளிக்க 10 விநாடிகள் தரப்படும். இருமுறை வினவியும் விடை வாராதாயின், அதாவது 260 விநாடிகள் கடந்தால், அக்குழுவைக் கேட்போர் அங்கு இல்லை என்று திசைவி முடிவு செய்கிறது. இவ்வினாவிடைக்குரிய நெறிமுறையை ஐ.ஜி.எம்.பி. என்பர். ஒரு திசைவிக்குத் தன் கீழ் 40 பேர் உளரா, ஒருவர் உளரா என்பது பொருட்டன்று; எவரேனும் உளரா என்பதே பொருட்டு.

திரும்பு வழிச் சோதனை

இனி மரம் அமையும் முறையைக் காண்போம். மிக எளிய வழி, வந்த பொட்டலத்தை வந்த வழி நீங்கலாக மற்ற எல்லா வழிகளிலும் அனுப்பிவிடுவதாகும். ஆனால் வலையமைப்பில் வளையங்கள் உண்டு. நம் படத்தில் க, ச, ட மூன்றும் ஒரு வளையம். ச, ட, ப, த நான்கும் மற்றொரு வளையம். எல்லா வழிகளிலும் அனுப்பினால், ஒரே பொட்டலம் வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி இணைப்புகளை அடைத்துவிடும்.

இதனைத் தடுக்கும் விதியை யோகன் தலாலும் ராபர்ட் மெட்காஃபும் 1978இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கினர். தலால் பம்பாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். மெட்காஃப் ஈதர்நெட்டைக் கண்டவர்களுள் ஒருவர். அவ்விதி இது: ஒரு பொட்டலம் வந்தவுடன் திசைவி தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "இப்பொட்டலத்தை அனுப்பியவனுக்கு நான் ஒரு செய்தி அனுப்புவதாயின் எந்த இணைப்பின் வழியாக அனுப்புவேன்?" பொட்டலம் அந்த இணைப்பின் வழியாகவே வந்திருந்தால் அதனை ஏற்று மேலே அனுப்பலாம், வேறு வழியாக வந்திருந்தால் தள்ளிவிட வேண்டும். இதுவே திரும்பு வழிச் சோதனை.

நம் படத்தில் இவ்விதியை நிகழ்த்திப் பார்ப்போம். க தன் பொட்டலத்தைச் ச, ட இரண்டுக்கும் அனுப்புகிறது. ச அதனை ஏற்று ட, த இரண்டுக்கும் அனுப்புகிறது. ட அதனை ஏற்றுச் ச, ப இரண்டுக்கும் அனுப்புகிறது. ச, ட ஆகியவை ஒன்றுக்கொன்று அனுப்பியவை குறுக்கு வழியாக வந்தமையால் தள்ளப்படுகின்றன. அவ்வாறே த, ப ஆகியவை ஒன்றுக்கொன்று அனுப்பியவையும் தள்ளப்படுகின்றன. ப அனுப்பியது ம என்பதை அடைகிறது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 9 பயணங்கள். அவற்றுள் 4 வீண். ஏற்கப்பட்ட ஐந்தும் க–ச, க–ட, ச–த, ட–ப, ப–ம என்னும் இணைப்புகளில் நிகழ்ந்தவை. இவ்வைந்தும் சேர்ந்தே மரம். எந்தத் திசைவியும் மரம் முழுவதையும் அறியாது. ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ள ஒரு வழியை மட்டுமே அறியும். அச்சிறு அறிவுகள் சேர்ந்து குற்றமற்ற மரம் ஒன்று உருவாகிவிடுகிறது.

கவாத்து

மரம் அமைந்தது; ஆயினும் அது எல்லாத் திசைவிகளையும் சென்றடையும் மரம். ச, த இரண்டின் கீழும் கேட்போர் இலர். அங்குச் செல்லும் பொட்டலம் எவர்க்கும் பயன்படாது. ஆகவே இலைப்பக்கத்திலிருந்து வேர்ப்பக்கமாகக் கவாத்துத் தொடங்குகிறது.

குறுக்கு வழியாகப் பொட்டலம் பெற்ற திசைவிகள் அனுப்பியவற்றை நோக்கி, "இவ்வழியே எனக்கு வேண்டாம்" என்று கவாத்துச் செய்தி விடுக்கின்றன. ஆகவே ச–ட, த–ப இணைப்புகள் ஓய்கின்றன. த, தன் கீழ் எவருமில்லை என்பதையும், ப மறுத்துவிட்டதையும் கண்டு, தனக்கு மேலுள்ள ச என்பதற்குக் கவாத்துச் செய்தி அனுப்புகிறது. ச, தன் கீழும் எவருமிலர், ட, த இரண்டும் மறுத்துவிட்டன என்பதைக் கண்டு, க என்பதற்குக் கவாத்துச் செய்தி அனுப்புகிறது. முடிவில் க–ட, ட–ப, ப–ம என்னும் மூன்று இணைப்புகளே எஞ்சுகின்றன. 9 பயணங்கள் 3 ஆயின.

இங்கு ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். ஒரு திசைவி தனக்கு வேண்டாம் என்பதற்காக மட்டும் கவாத்துச் சொல்லலாகாது; தன் கீழுள்ள அனைவரும் வேண்டாம் என்ற பின்னரே சொல்லலாம். ப என்பதன் கீழ் நேரடியாகக் கேட்போர் எவருமிலர். எனினும் ம என்பதன் பொருட்டு அது வாய் திறவாது பொட்டலத்தைத் தாங்கி நிற்கிறது.

முதலில் எங்கும் பரப்பிப் பின்னர்க் குறைக்கும் இவ்வழக்கத்தை அடர் முறை என்பர். கேட்போர் எங்கும் நெருக்கமாக உள்ள வலையமைப்புக்கு இது பொருந்தும். 1992ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடைபெற்ற இணையப் பொறியாளர் கூட்டத்தின் பேச்சுகள் 20 இடங்களுக்கு இணையத்தின் வழியாகக் குழு அனுப்பலில் ஒலிபரப்பப்பெற்றன. அதற்கென எழுந்த எம்போன் என்னும் வலையமைப்பில் தொடக்கத்தில் ஓடிய மென்பொருளில் முழுமையான கவாத்து இல்லை. இறுதி இலையில் மட்டும் பொட்டலம் நிறுத்தப்பட்டது. நடுக்கிளைகள் கேட்போர் இன்றியும் சுமையைத் தாங்கின. வலையமைப்பு வளர வளர அச்சுமை பொறுக்கலாகாததாயிற்று. கவாத்துப் பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

ஒட்டு

வெட்டிய கிளை என்றென்றைக்கும் வெட்டுண்டு கிடப்பதன்று. பி.ஐ.எம். என்னும் நெறிமுறையின் அடர் முறையில் ஒரு கவாத்து வழக்கமாக 210 விநாடிகளுக்குச் செல்லும், டி.வி.எம்.ஆர்.பி. என்னும் பழைய நெறிமுறையின் பிந்திய வடிவத்தில் ஏறத்தாழ 2 மணி நேரம் செல்லும். காலம் கடந்ததும் கிளை தானே தழைத்துப் பொட்டலம் மீண்டும் பாயும். வேண்டாதவர் மீண்டும் கவாத்துச் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் த என்பதன் கீழ் ஒரு மாணவர் புதிதாகப் பாடத்தைக் கேட்க விரும்பினால் யாது செய்வது? கவாத்துக் காலம் முடியும் வரை அவர் காத்திருந்தால் பாடம் முடிந்துவிடும். ஆகவே த உடனே ச என்பதற்கு ஒட்டுச் செய்தி அனுப்புகிறது. ச அதனைக் க என்பதற்கு அனுப்புகிறது. வெட்டிய கிளை மீண்டும் ஒட்டப்படுகிறது. கவாத்துச் செய்தி வழியில் தொலைந்தால், வேண்டாத பொட்டலம் சிறிது நேரம் வரும், அவ்வளவே இழப்பு. ஒட்டுச் செய்தி தொலைந்தாலோ, வேண்டிய ஒருவர்க்குப் பாடம் கிடைக்காது போகும். ஆகையால் ஒட்டுச் செய்திக்கு மட்டும் பெற்றதற்கு அடையாளமான மறுமொழி கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது. மறுமொழி வரும்வரை அது திரும்பத் திரும்ப அனுப்பப்படும்.

இணைப்பு அறுந்தாலும் இம்முறையே உதவுகிறது. க–ட இணைப்பு அறுந்தது எனக் கொள்வோம். இனி ட என்பதற்குக் க செல்லும் வழி ச வழியாகும். முன்னர்ச் ச–ட இணைப்பைத் தானே மறுத்த ட, இப்பொழுது அதே இணைப்பில் ஒட்டுச் செய்தி அனுப்ப, மரம் புது உருவெடுக்கிறது.

ஒருவர் மறுப்பால் மற்றவர் இழக்கலாகாது

இதுவரை ஓர் இணைப்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு திசைவியே இருப்பதாகக் கொண்டோம். ஒரே ஈதர்நெட்டுக் கம்பியில் பல திசைவிகள் சேர்ந்திருப்பதும் உண்டு. ய என்பது மேலுள்ள திசைவி. ர, ல இரண்டும் அதே கம்பியில் கீழுள்ளவை. ர என்பதற்குப் பாடம் வேண்டாம். ல என்பதற்கு வேண்டும். ர கவாத்துச் சொன்னவுடன் ய பொட்டலத்தை நிறுத்திவிட்டால், ஒரு குற்றமும் செய்யாத ல பாடத்தை இழந்துவிடும்.

இதற்குக் கண்ட தீர்வு அழகானது. கவாத்துச் செய்தி அக்கம்பியிலுள்ள திசைவிகள் அனைத்தும் கேட்கும்படி சொல்லப்படுகிறது. ய உடனே நிறுத்துவதில்லை. வழக்கமாக 3 விநாடிகள் காத்திருக்கிறது. அதற்குள் ல, "எனக்கு வேண்டும்" என்று சேர்க்கைச் செய்தி விடுத்தால் கவாத்துச் செல்லாததாகிவிடும். மறுப்புரை உடனே நிறைவேறுவதில்லை; விருப்புரைக்கு இடம் தந்த பின்னரே நிறைவேறுகிறது. ஒருவரேனும் வேண்டும் என்றால் கிளை நிற்கும். மூன்று விநாடிப் பொறுமையில்தான் அம்முறையின் நேர்மை அடங்கியிருக்கிறது.

கேட்டவர்க்கு மட்டும் வளரும் மரம்

கேட்போர் பரந்த நாட்டில் அங்கொருவரும் இங்கொருவருமாக இருப்பின் அடர் முறை பொருந்தாது. சிலர் பொருட்டு எல்லா இணைப்புகளிலும் பொட்டலத்தைப் பரப்புவதும், வேண்டாத ஆயிரம் திசைவிகள் மறுப்புச் சொல்லிக்கொண்டே இருப்பதும் வீண் உழைப்பு. ஆகவே கேட்டவர்க்கு மட்டும் கிளை விடும் அருகிய முறை எழுந்தது. பாலர்டி, பிரான்சிஸ், கிரௌகிராஃப்ட் ஆகியோர் 1993இல் வெளியிட்ட நடுமைய மரக் கருத்து இதற்கு முன்னோடி. பி.ஐ.எம். நெறிமுறையின் அருகிய முறையே இன்று மிகுதியாக வழங்குவது. அதன் விதிகள் 2016இல் திருத்தி வெளியிடப்பெற்றன.

கேட்போனுக்கு அனுப்புவோன் எங்கிருக்கிறான் என்பது தெரியாது. ஆகவே இருவரும் கூடுவதற்கு ஒரு திசைவி சந்திப்பு நிலையாகக் குறிக்கப்படுகிறது. நம் படத்தில் அது த எனவும், கேட்போர் ம என்பதன் கீழ் மட்டும் உள்ளனர் எனவும் கொள்வோம். ம தன் சேர்க்கைச் செய்தியைத் த என்பதை நோக்கி அனுப்ப, அது ப வழியாகச் சென்று கிளையை அமைக்கிறது. அனுப்புவோன் பேசத் தொடங்கியதும், க முதற் பொட்டலங்களை உறையிலிட்டுத் த என்பதற்கு நேரே அனுப்புகிறது. பின்னர்த் த, க என்பதை நோக்கிச் சேர்க்கைச் செய்தி அனுப்பி உறையின்றியே பெறத் தொடங்குகிறது. இப்பொழுது பாதை க–ச–த–ப–ம, நான்கு இணைப்புகள்.

ஆனால் குறுகிய பாதை க–ட–ப–ம அன்றோ? பொட்டலம் வந்ததும் அனுப்புவோனின் முகவரியை ம அறிந்துகொள்கிறது. அவனை நோக்கியே புதிய சேர்க்கைச் செய்தி விடுக்கிறது. அது ப, ட வழியாகக் க என்பதை அடைகிறது. புதிய வழியில் பொட்டலம் வரத் தொடங்கிய பின்னரே, இரு பாதைகளும் பிரியும் இடமாகிய ப, அவ்வனுப்புவோனைப் பொறுத்தவரை பழைய வழிக்குக் கவாத்துச் சொல்கிறது. புதுக் கிளை பயன்தரும் முன்னர்ப் பழங்கிளையை வெட்டுவதில்லை என்பதைக் காண்க. இச்சேர்க்கைகள் 60 விநாடிகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. 210 விநாடிகள் புதுப்பிக்கப்படாத கிளை தானே உதிரும்.

சிக்கனத்தின் விலை

அடர் முறை இணைப்புகளைச் செலவழிக்கிறது. அருகிய முறை ஒரு நடுநிலையத்தைச் சார்ந்திருக்கிறது. ஒவ்வொரு அனுப்புவோனுக்கும் தனி மரம் வைத்தால் பாதை குறுகும். ஆனால் திசைவியின் நினைவகத்தில் பதிவுகள் பெருகும். 100 குழுக்களில் குழுவுக்கு 20 பேர் அனுப்புவாராயின், தனி மரங்களுக்கு 2,000 பதிவுகள் வேண்டும். குழுவுக்கு ஒரு பொது மரமாயின் 100 போதும்.

இக்காரணங்களாலும், வெவ்வேறு நிர்வாகங்களிடையே பொறுப்புப் பிரிப்பது அரிதாதலாலும், பொது இணையத்தில் குழு அனுப்பல் பரவவில்லை. யார் வேண்டுமாயினும் அனுப்பும் வகையை நிர்வாக எல்லைகளுக்கு இடையே கைவிடுமாறு இணையப் பொறியாளர் அவை 2020இல் பரிந்துரைத்தது. அனுப்புவோன் முகவரியையும் கேட்போனே குறித்துக் கேட்கும் வகை அங்கு விரும்பப்படுகிறது; அதற்குச் சந்திப்பு நிலை வேண்டுவதில்லை. ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள தொலைக்காட்சி வலையமைப்புகளிலும் பங்குச் சந்தைகளின் விலை அறிவிப்பிலும் குழு அனுப்பல் நன்கு பயன்படுகிறது. நம் நாட்டின் தேசியப் பங்குச் சந்தையில் முன்னர் ஒவ்வொரு இணைப்பாக வரிசையில் விலைச் செய்தி அனுப்பப்பட்டது. வரிசையில் முன் நின்றவர் முன் பெறும் நிலையைப் பற்றிச் செபி 2019 ஏப்ரல் 30ஆம் நாளிட்ட ஆணையில் ஆராய்ந்தது. அச்சந்தை 2014இல் குழு அனுப்பலைக் கொணர்ந்தது. ஆகவே இது இணைப்புச் சிக்கனம் மட்டுமன்று. பெறுவோரிடையே சமநிலையைப் பற்றியதுமாகும்.

களத்திலும் வகுப்பிலும்

களப் பணியாளர் நினைவிற்கொள்ளத்தக்க இரு பழுதுகளைக் கூறுவோம். காட்சி தொடங்கிச் சற்றேறக்குறைய நான்கு நிமிடங்கள் நன்றாக ஓடி, பின்னர் அடியோடு நின்றுவிடுமாயின், "எக்குழுவைக் கேட்கிறீர்கள்?" என்று வினவும் கருவி அக்கிளையில் உள்ளதா என்று முதலிற் பார்க்க வேண்டும். வினவுவோர் இல்லையேல் விடை இல்லை. விடை இல்லையேல் சுவிட்சு என்னும் இணைப்புப் பெட்டி 260 விநாடிகள் அளவில் கேட்போரை மறந்துவிடும். காட்சி தொடக்கத்திலிருந்தே வாராது, ஆனால் பொட்டலம் திசைவி வரை வருகிறதெனில், திரும்பு வழிச் சோதனையை ஆராய வேண்டும். போகும் வழியும் வரும் வழியும் வேறாயின், நல்ல பொட்டலமும் குறுக்கு வழிப் பொட்டலமாகக் கருதப்பட்டுத் தள்ளப்படும்.

ஆசிரியர்கள் ஆறு மாணவரை ஆறு திசைவிகளாக நிறுத்தி, ஏழு கயிறுகளால் இணைத்து, துண்டுத் தாள்களைப் பொட்டலங்களாகக் கொண்டு இப்பாடத்தை நடத்திக் காட்டலாம். முதலில் 9 பயணங்கள் நேர்வதை மாணவரே எண்ணட்டும். பிறகு த, ச ஆகியோர் கவாத்துச் சொல்லி 3 ஆக்கட்டும். அதன்பின் க–ட கயிற்றை ஆசிரியர் விடுவித்துவிட்டு, யார் யாருக்கு ஒட்டுச் செய்தி சொல்ல வேண்டும் என்று கேட்கட்டும். மரம் முழுவதையும் எவரும் காணாமலே, ஒவ்வொருவரும் தன் அண்டை அயலாரிடம் மெய் உரைப்பதாலும், உரைத்ததைக் காலந்தோறும் புதுப்பிப்பதாலும் மரம் நிலைபெறுகிறது என்பது அவர்க்கு அப்பொழுது தெளிவாக விளங்கும்.